பிடிக்காதவரோடு பெட்டகம் திறந்த மூன்று வருடம்

கேள்வியை மற்றவர்களுக்காகச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தம்பிக்கு 25 வயது. ஒரு தனியார் நிறுவனத்தில் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. குழுவில் இவரையும் சேர்த்து 14 பேர். எல்லோரும் நன்றாகப் பழகுகிறார்கள், ஒரு சீனியர் மட்டும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பிறந்தநாளுக்கு வாட்ஸ்அப் குழுவில் எல்லோரும் வாழ்த்தினார்கள், அவர் வாழ்த்தவில்லை. தம்பி 'அனைவருக்கும் நன்றி' என்று போட்டுவிட்டு, அதை யார் யார் படித்தார்கள் என்று அழுத்திப் பார்த்திருக்கிறார். அவர் படித்திருக்கிறார். "அன்றிலிருந்து மூன்று வாரமாக மனசே சரியில்லை. நான் என்ன தப்பு செய்தேன்? எல்லோருக்கும் நம்மைப் பிடிக்காது என்கிறார்கள், அதை எப்படி ஏற்றுக்கொள்வது?" என்று கேட்கிறார்.

தம்பி, வாழ்த்திய அந்த 12 பேரில் யார் என்ன எழுதினார்கள் என்று உங்களால் இப்போது சொல்ல முடியுமா? ஒருவர் எழுதாதது மட்டும் மனப்பாடமாக இருக்கிறது, இல்லையா? இது உங்களுக்கு மட்டும் நடப்பதில்லை. நான் வங்கியில் 34 வருடம் வேலை பார்த்தேன். கடைசி ஆறு வருடம் பயிற்சி மையத்தில், புதிதாகச் சேரும் ஆபீசர்களுக்கு மனித உறவுகள் பற்றி வகுப்பெடுத்தேன். அதற்காகப் படிக்க ஆரம்பித்து, ஓய்வுக்குப் பிறகு உளவியலில் அஞ்சல் வழிப் பட்டமும் வாங்கினேன். ஒவ்வொரு பேட்ச்சிலும் யாராவது ஒருவர் வகுப்பு முடிந்த பிறகு தயங்கித் தயங்கி வந்து இதே கேள்வியைக் கேட்பார்.

முதலில் ஒன்று. இது வலிக்கிறது என்பதற்காக உங்களை நீங்களே திட்டிக்கொள்ளாதீர்கள். "இதுக்கெல்லாம் போய் வருத்தப்படலாமா" என்று யார் சொன்னாலும் காதில் வாங்காதீர்கள். கிப்லிங் வில்லியம்ஸ் என்று ஓர் உளவியலாளர். ஒருநாள் பூங்காவில் தன் நாயோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இரண்டு பேர் வீசி விளையாடிக்கொண்டிருந்த ஃபிரிஸ்பீ தட்டு இவரிடம் வந்து விழுந்தது. எடுத்து வீசினார். அவர்கள் திரும்ப இவருக்கே வீசினார்கள். கொஞ்ச நேரம் மூன்று பேரும் ஆடினார்கள். திடீரென்று, ஒரு வார்த்தைகூடச் சொல்லாமல், இவருக்கு வீசுவதை நிறுத்திவிட்டார்கள். முன்பின் தெரியாத இரண்டு பேர், ஒன்றுமில்லாத ஒரு விளையாட்டு. ஆனாலும் அது தன்னை எவ்வளவு பாதித்தது என்பதைப் பார்த்து அவருக்கே ஆச்சரியம். அதையே ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டாக்கிவிட்டார். திரையில் மூன்று உருவங்கள் பந்து வீசிக்கொள்ளும், அதில் ஒன்று நீங்கள். சில வீச்சுகளுக்குப் பிறகு மற்ற இரண்டும் உங்களுக்கு வீசாது. உண்மையில் எதிரில் ஆளே கிடையாது, எல்லாம் புரோகிராம். 'ஆடுவது கம்ப்யூட்டர்தான்' என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்த சோதனையில்கூட ஆட்களுக்கு மனம் வாடியது. 2003இல் நயோமி ஐசன்பெர்கரும் அவர் குழுவினரும் இதே விளையாட்டை மூளை ஸ்கேன் கருவிக்குள் வைத்து ஆடச் சொன்னார்கள். உடம்பில் வலிக்கும்போது வேலை செய்யும் பகுதிகளில் ஒன்று, பந்து வராதபோதும் கூடுதலாக வேலை செய்தது.

ஆகவே வலிப்பது இயற்கை. மார்க் லியரி என்பவர் தன்மதிப்பை வண்டியின் பெட்ரோல் முள்ளோடு ஒப்பிடுவார். மற்றவர்கள் நம்மைச் சேர்த்துக்கொள்கிறார்களா, தள்ளுகிறார்களா என்று அந்த முள் எப்போதும் காட்டிக்கொண்டே இருக்கும். நமக்கு அந்த முள் இன்னும் கொஞ்சம் அதிகமாகவே ஆடும். 'நாலு பேர் என்ன நினைப்பாங்க' என்ற பேச்சைக் கேட்காமல் நம் வீடுகளில் யாரும் வளரவில்லை. அந்த நாலு பேருக்கு ஒரு காலத்தில் நிஜமான பலம் இருந்தது. கிணறு, களம், கடன், கல்யாணம் எல்லாம் ஊரார் தயவில் நடந்த காலம் அது. ஊரைப் பகைத்தவன் வீட்டில் சாவு விழுந்தால் தூக்கவே நாலு பேர் வர மாட்டார்கள். என் பாட்டி பயந்ததில் நியாயம் இருந்தது. அந்தப் பயத்தை நாம் அப்படியே வாங்கி, ஆபீஸ் வாட்ஸ்அப் குழுவில் கொண்டுபோய் வைத்திருக்கிறோம். அந்த சீனியருக்கு உங்களைப் பிடிக்காததால் இந்த எட்டு மாதத்தில் உங்களுக்கு என்ன நஷ்டம் என்று உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். சம்பளம் குறைந்ததா, வேலை நின்றதா, வேறு யாராவது பேச்சை நிறுத்தினார்களா? நான் கணக்குப் பார்த்தே பழகியவள், அதனால் எழுதிப் பார்க்கச் சொல்கிறேன். நஷ்டம் என்று நிஜமாகவே ஏதாவது இருந்தால் அது வேறு விஷயம், அதைப் பின்னால் சொல்கிறேன்.

அடுத்தது, அவருக்கு உங்களைப் பிடிக்கவில்லை என்பது நிச்சயமா? 1980இல் வெளிவந்த ஓர் ஆய்வு உண்டு. அமெரிக்காவில் டார்ட்மவுத் கல்லூரியைச் சேர்ந்த ராபர்ட் கிளெக், ஏஞ்சலோ ஸ்ட்ரெண்டா இருவரும் செய்தது. பங்கேற்றவர்களின் முகத்தில் மேக்கப் போட்டு ஒரு பெரிய தழும்பை வரைந்து, கண்ணாடியில் காட்டினார்கள். 'இப்போது வேறொருவரோடு பேசப் போகிறீர்கள், உங்கள் தழும்புக்காக அவர் எப்படி நடந்துகொள்கிறார் என்று கவனியுங்கள்' என்றார்கள். உள்ளே அனுப்புவதற்கு முன்னால், 'காய்ந்து வெடித்துவிடும், கொஞ்சம் கிரீம் தடவுகிறோம்' என்று சொல்லி அந்தத் தழும்பை முழுக்கத் துடைத்து எடுத்துவிட்டார்கள். அவர்களுக்குத் தெரியாது. சுத்தமான முகத்தோடு போய்ப் பேசிவிட்டு வந்து, எதிரில் இருந்தவர் இறுக்கமாக இருந்தார், இளக்காரமாகப் பேசினார் என்றெல்லாம் சொன்னார்கள். எதிரில் இருந்தவர் பார்த்தது சாதாரண முகத்தைத்தான்.

இதை வகுப்பில் சொல்லும்போது எல்லா பேட்ச்சிலும் ஒரு நிமிடம் சத்தமே இருக்காது. ஒவ்வொருவரும் தன் முகத்தில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கும் தழும்பு ஞாபகத்துக்கு வரும் போலிருக்கிறது. எனக்கு என் இங்கிலீஷ். உங்களுக்கு என்னவென்று எனக்குத் தெரியாது, யோசித்துப் பாருங்கள். பொதுவாகவே நாம் இதைக் குறைத்துத்தான் கணக்குப் போடுகிறோம். 2018இல் எரிகா பூத்பியும் அவரோடு சேர்ந்தவர்களும் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமில்லாத இருவர் பேசி முடித்ததும் தனித்தனியாகக் கேட்டார்கள். 'அவருக்கு என்னை இவ்வளவுதான் பிடித்திருக்கும்' என்று ஒவ்வொருவரும் சொன்னதைவிட, உண்மையில் அடுத்தவருக்கு அவரை அதிகமாகவே பிடித்திருந்தது.

சரி. இதையெல்லாம் சொன்னாலும், அவருக்கு உங்களை நிஜமாகவே பிடிக்காமல் இருக்கலாம். 'அதெல்லாம் உன் பிரமை' என்று நான் சொல்லப்போவதில்லை. எனக்கு அப்படி ஒருவர் இருந்தார்.

29 வயதில் ஆபீசராகப் பதவி உயர்வு கிடைத்து, ராமநாதபுரம் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர்க் கிளைக்குப் போனேன். அங்கே ஹெட் கேஷியர் ஒருவர், ஐம்பதைத் தாண்டியவர். முதல் நாளே, நான் வணக்கம் சொன்னதற்குத் தலையை மட்டும் அசைத்துவிட்டு நோட்டு எண்ணப் போய்விட்டார். அது அப்படியே தொடர்ந்தது. மற்றவர்களிடம் சிரிப்பார், பியூனிடம் வீட்டுக் கதை பேசுவார். என்னிடம் வேலை பற்றிய பேச்சைத் தவிர ஒரு வார்த்தை கிடையாது. நான் என்னென்னவோ செய்தேன். அவர் மகளுக்குக் கல்லூரி சீட் கிடைத்தது என்று கேள்விப்பட்டுப் போய் விசாரித்தேன். "ஆமா மேடம்" என்றார், அவ்வளவுதான். தீபாவளிக்கு வீட்டிலிருந்து அதிரசம் செய்து கொண்டுபோனேன். "சுகர் இருக்கு" என்று டப்பாவைப் பக்கத்து சீட்டுக்கு நகர்த்திவிட்டார். அன்று சாயங்காலம் டீக்கடைப் பையன் கொண்டுவந்த டீயைக் குடித்துப் பார்த்துவிட்டு, "சக்கரை பத்தலடா" என்று அவனைத் திருப்பி அனுப்பினார். நான் நாலடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்கு வந்து அழுதேன், தம்பி.

வேண்டாத பெண்டாட்டி கை பட்டாலும் குற்றம், கால் பட்டாலும் குற்றம் என்பார்கள். ஒருவருக்கு நம்மேல் ஒட்டவில்லை என்றால், அதை மாற்ற நாம் செய்யும் ஒவ்வொன்றும் அந்தக் கணக்கில்தான் போய்ச் சேரும். அதிரசம் தொந்தரவு, விசாரிப்பு தலையீடு, சிரிப்பு நடிப்பு. நாம் துரத்தத் துரத்த அவர்கள் இன்னும் ஓரடி பின்னால் போவார்கள்.

வங்கியில் பணப் பெட்டகத்துக்கு இரண்டு சாவி. ஒன்று ஆபீசரிடம், இன்னொன்று கேஷியரிடம். இரண்டும் போட்டால்தான் திறக்கும். இருவருக்கும் கூட்டுப் பொறுப்பு. நான் தனியாகத் திறக்க முடியாது, அவரும் முடியாது. தினமும் காலையில் கவுண்டர் திறப்பதற்கு முன்னால் அந்தச் சின்ன இரும்பு அறைக்குள் நாங்கள் இருவரும் நிற்போம். அவர் சாவியைத் திருப்புவார், நான் என் சாவியைத் திருப்புவேன். கட்டுகளை எடுத்துச் சொல்வார், நான் சரிபார்ப்பேன். சாயங்காலம் இருப்பை எண்ணி, புத்தகத்தில் இருவரும் கையெழுத்துப் போட்டு, மறுபடி பூட்டுவோம். மூன்று வருடம் இப்படி. ஒருநாள்கூட அவர் சாவியோடு தாமதமாக வந்ததில்லை. என் கையெழுத்துக்காகக் காத்திருந்தபோது முகம் சுளித்ததில்லை. ஒருமுறை 500 ரூபாய்க் கட்டில் ஒரு நோட்டுக் குறைந்தது. அன்று நான் கொஞ்சம் அவசரப்பட்டேன், என் கண்ணில்தான் அது தப்பியிருக்கலாம் என்று எனக்கே தோன்றியது. அவர் எதுவும் சொல்லவில்லை. உட்கார்ந்து அத்தனை கட்டையும் திரும்ப எண்ணினார். வேறொரு கட்டில் அந்த நோட்டு கூடுதலாக இருந்தது. எடுத்து என் முன்னால் வைத்துவிட்டுப் போனார்.

அந்த இரும்பு அறையில்தான் எனக்குப் புரிய ஆரம்பித்தது. அவரிடமிருந்து எனக்குக் கிடைக்க வேண்டியது எல்லாம் ஒழுங்காகக் கிடைத்துக்கொண்டிருந்தது: நேரம், நேர்மை, வேலையில் மரியாதை. இவற்றைக் கேட்க எனக்கு உரிமை உண்டு. அவருடைய பிரியம் அந்தப் பட்டியலில் இல்லை. அதை அவர் யாருக்குக் கொடுக்கிறார் என்பது அவர் இஷ்டம். எனக்கு வரவேண்டிய கடன் பாக்கி மாதிரி நினைத்துத் தினமும் வசூலுக்குப் போய் நின்றதுதான் என்னை வருத்தியது.

இதைப் பயிற்சி மையத்தில் வேறு மாதிரி செய்து காட்டுவேன். ஆளுக்கு ஒரு தாள். இடது பக்கத்தில், உங்களுக்கு அவ்வளவாகப் பிடிக்காதவர்கள் மூன்று நாலு பேரை எழுதுங்கள், யாருக்கும் காட்ட வேண்டாம் என்பேன். உடனே எழுதிவிடுவார்கள். வலது பக்கத்தில், அவர் உங்களுக்குச் செய்த கெடுதல் என்ன என்று எழுதச் சொல்வேன். அங்கே பேனா நிற்கும். சிலர் தாளை மடித்துவிடுவார்கள். 'சத்தமாகப் பேசுவார்', 'எங்கள் பழைய வாத்தியார் சாடை', 'எப்பவும் தன்னைப் பற்றியே பேசுவார்' என்று வரும். பாதி இடம் காலியாகவே இருக்கும். அந்தத் தாளில் பெயர் இருப்பவர்களில் ஒருவர் இப்போது எங்கேயோ உட்கார்ந்து 'நான் என்ன தப்பு செய்தேன்' என்று யோசித்துக்கொண்டிருக்கலாம். நீங்களும் இன்று ராத்திரி எழுதிப் பாருங்கள். உங்களைப் பிடிக்காதவரின் வலது பக்கமும் அப்படித்தான் காலியாக இருக்கும்.

ஆனால் சில சமயம் காலியாக இருக்காது. அதையும் பார்த்துவிட வேண்டும். ஏற்றுக்கொள்வது என்ற பெயரில் நம் தப்பை மூடிவைக்கக் கூடாது. இங்கே ஒரு வழி சொல்கிறேன். உங்களைப் பிடிக்காதவர் ஒரே ஒருவர், அவரும் காரணம் சொல்வதில்லை என்றால், அநேகமாக அது அவர் விஷயம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று பேர் ஒரே குறையைச் சொன்னால், அது உங்கள் விஷயம். என்னிடம் ஒரு குறை இருந்தது. எதிரில் இருப்பவர் பேசி முடிப்பதற்குள் நான் பதில் சொல்ல ஆரம்பித்துவிடுவேன். என் அக்கா சொன்னாள், ஒரு மேனேஜர் சொன்னார், பல வருடம் கழித்து என் மகனும் சொன்னான். மூன்றாவது முறை கேட்ட பிறகுதான் திருத்திக்கொள்ள ஆரம்பித்தேன்.

உங்களுக்கு இன்னும் உறுத்தினால் அவரிடமே ஒரே ஒரு தடவை கேளுங்கள். தனியாக இருக்கும்போது, வேலைப் பேச்சின் முடிவில், "சார், நான் ஏதாவது தப்பா நடந்துக்கிட்டிருந்தா சொல்லுங்க, திருத்திக்கிறேன்" என்று. அழாமல், குழையாமல். ஏதாவது சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். "ஒண்ணும் இல்லையே" என்றால் அதையே பதிலாக எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். இரண்டாம் தடவை கேட்கக் கூடாது. மற்ற 12 பேரிடமும் அவரைப் பற்றிக் கேட்டுத் திரிய வேண்டாம். நீங்கள் யாரிடம் என்ன கேட்டீர்கள் என்பது சாயங்காலத்துக்குள் அவர் காதுக்குப் போகும், அப்புறம் வலது பக்கத்தில் எழுத அவருக்கு நிஜமாகவே ஒன்று கிடைத்துவிடும்.

முன்னால் நஷ்டம் என்று சொன்னேனே, அது இதுதான். பிடிக்காமல் இருப்பது வேறு, கெடுதல் செய்வது வேறு. அவர் உங்கள் வேலையைத் தடுத்தால், மற்றவர்கள் முன்னால் அவமானப்படுத்தினால், சாதியையோ மதத்தையோ சொல்லி ஒதுக்கினால், தண்ணீர் டம்ளரைத் தனியாக வைத்தால், அதைப் பொறுத்துக்கொள்ளும்படி நான் சொல்லவே மாட்டேன். அதற்குத் தேதி போட்டு எழுதிவைக்க வேண்டும், மேலே எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீதான கொடுமைகளுக்கு 1989இலிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது. பெண்களுக்குப் பணியிடத்தில் பாலியல் தொல்லை என்றால் 2013 சட்டப்படி, பத்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் எல்லா இடத்திலும் உள் புகார்க் குழு இருந்தாக வேண்டும். நிறையப் பெண்கள் என்னிடம் 'அவருக்கு என்னைப் பிடிக்கலை மேடம்' என்று ஆரம்பித்து, கேட்கக் கேட்கச் சொன்னது வேறு விஷயமாக இருந்திருக்கிறது. ஆகவே இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். உங்கள் கேள்வியில் நான் பார்த்த வரைக்கும், பேசாமல் இருப்பதைத் தவிர அவர் எதுவும் செய்யவில்லை.

இன்னொன்று, இதைச் சொல்லாமல் விட எனக்கு மனம் வராது. எல்லோருக்கும் பிடித்தவராக இருக்க வேண்டும் என்ற ஆசைக்கு ஒரு விலை இருக்கிறது. அதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். பின்னாளில் நான் மேனேஜராக இருந்த ஊரில் ஒரு வியாபாரி இருந்தார். எல்லோருக்கும் வேண்டியவர், கோயில் காரியத்துக்கு முதல் ஆளாக நிற்பவர். நகைக் கடன் கேட்டு வந்தார். நகை மதிப்பில் 75 சதவீதத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது அப்போதைய உச்சவரம்பு. "முன்னாடி இருந்த மேனேஜர் பார்த்துச் செய்வாரு, நீங்களும் நம்ம ஆளுதானே" என்றார். முடியாது என்றேன். ஒரு வாரத்தில் தன் டெபாசிட்டை எடுத்துக்கொண்டு வேறு வங்கிக்குப் போய்விட்டார். 'அந்தம்மா ரொம்ப கறார்' என்று கடைத்தெருவில் பேச்சு. எனக்கு முன்னால் இருந்தவர் மிக நல்ல மனிதர், யார் முகமும் வாடப் பொறுக்காதவர். அவர் 'பார்த்துச் செய்த' கடன்களுக்காக, ஓய்வுபெறும் வயதில் விசாரணைக்கு நடையாய் நடந்தார். அவரால் பயனடைந்த ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை. அவர் முகம் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. 'முடியாது' என்று சொன்னால் எதிரில் இருப்பவர் முகம் மாறும். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கப் பழக வேண்டும். உங்களுக்கு 25 வயதில் இந்தப் பயிற்சி அந்த சீனியர் வழியாக வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

திங்கட்கிழமை செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். எப்போதும் போல குட்மார்னிங் சொல்லுங்கள். பதில் வருகிறதா என்று நின்று பார்க்காமல் உங்கள் சீட்டுக்குப் போங்கள். அவரிடம் கேட்க வேண்டிய வேலையைத் தயங்காமல் கேளுங்கள், சுருக்கமாக, தெளிவாக. அவர் செய்து கொடுத்தால் நன்றி சொல்லுங்கள். காபி வாங்கிக் கொடுப்பது, அவர் சொல்வதற்கெல்லாம் சிரிப்பது, இரண்டையும் நிறுத்துங்கள். பதிலுக்கு நீங்களும் முறைக்க வேண்டாம். சில நாள் மறுபடியும் வலிக்கும், அந்த முள் ஆடத்தான் செய்யும். அப்போது அந்தக் குழுவைத் திறந்து, வாழ்த்திய 12 பேர் எழுதியதை ஒரு தடவை நிதானமாகப் படியுங்கள். அதில் ஒருவர் உங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார், மனசு சரியில்லாததால் போகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவரோடு இந்த வாரம் போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

அந்த ஹெட் கேஷியருக்கு என்னை ஏன் பிடிக்கவில்லை என்று எனக்குக் கடைசி வரை தெரியாது. எனக்கு மாற்றல் வந்தது. விடைபெறும் நாளில் எல்லோரும் நின்று போட்டோ எடுத்தார்கள், அவர் வரவில்லை, கவுண்டரில் கூட்டம் என்றார். கூட்டம் இருந்தது உண்மைதான். சாயங்காலம் என் சாவியைப் புது ஆபீசரிடம் ஒப்படைக்க மூன்று பேரும் அந்த இரும்பு அறைக்குள் போனோம். கடைசியாக ஒருமுறை இருப்பை எண்ணினோம், சரியாக இருந்தது. சாவிப் பதிவேட்டை எடுத்து, நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் விரலை வைத்துக் காட்டினார். போட்டேன். "சரிங்க மேடம்" என்று சொல்லிவிட்டு, பதிவேட்டை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கவுண்டருக்குப் போனார். நானும் பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.